திரைக்கு இந்தப் பக்கம்

ராயபுரம்,
8 ஜூன் 1931

அன்புள்ள தவசிமுத்து அண்ணனுக்கு,

தங்கை செல்லக்கனி எழுதிக்கொண்டது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. ரங்கூனில் மழை பிடித்துவிட்டது என்று பேப்பரில் பார்த்தோம். நனையாமல் கிட்டங்கி வேலைக்குப் போய் வாருங்கள்.

நீங்கள் கப்பலில் அனுப்பிய பச்சை ரெட்டுத் துணி வந்து சேர்ந்தது. அன்றைக்கே அம்மா கூடத்தின் நடுவில் கயிறு கட்டி அதைத் தொங்கவிட்டாள். பியானோவும் நானும் உள்பக்கம். வயலின் வாசிக்கிற தாமோதரனும், பெரிய வயலின் மாதிரியான செல்லோவை வாசிக்கிற ஜார்ஜும் தெருவாசல் பக்கம். துணியின் ஓரத்தில் அம்மா முக்காலி போட்டு உட்கார்ந்து புளி ஆய்கிறாள். திரை இல்லாவிட்டால் ஒத்திகையும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். திரை தொங்குகிறது, திருப்திதானே? துணி நல்ல கெட்டி. எனக்குக் கோபம் வந்தால் முகம் வெளியே தெரிவதில்லை, அது ஒரு வசதி.

நாங்கள் என்ன வாசிக்கிறோம் என்று கேட்டிருந்தீர்கள். ஜெர்மன்காரர் ஒருவர் நூறு வருஷத்துக்கு முன் மூன்று வாத்தியத்துக்கு என்று எழுதியது. பாட்டுக்காரர் கிடையாது. மூவரில் யாரும் யாருக்கும் பக்கவாத்தியமும் கிடையாது. ஒருவர் கேட்டால் மற்றவர் பதில் சொல்வார், சில இடத்தில் மூன்று பேரும் சண்டை பிடிப்போம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் பாட்டுக்குழுவின் இரண்டு பக்கமும் இருந்து நாங்கள் வாசித்ததை மாலுமிகள் மன்றத்து செக்ரட்டரி மில்வர்ட் துரை கேட்டிருக்கிறார். புயலில் முழுகிப்போன கப்பலில் இருந்த மாலுமிகளின் குடும்பத்துக்காக அக்டோபர் பத்தாம் தேதி மன்றத்து ஹாலில் ஒரு கச்சேரி வைக்கிறார்கள். எங்களை வாசிக்கச் சொல்கிறார். நம் பக்கத்து வீட்டுக் குப்பம்மாவின் புருஷன் அந்தக் கப்பலில் போனவன்தான், உங்களுக்கு நினைவிருக்கும். அண்ணா, இந்த ஒன்றை மட்டும் எனக்கு இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். சம்மதம் எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
செல்லக்கனி


ரங்கூன்,
20 ஜூன் 1931

செல்வி செல்லக்கனிக்கு அண்ணன் தவசிமுத்து ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது.

நான் நலம். அம்மாவின் காலுக்கு இங்கிருந்து ஒரு தைலம் அனுப்புகிறேன். சூடு பண்ணித் தேய்க்கவும்.

உன் ஆசையை நான் தடுத்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது. அப்பா உன்னைப் பாளையங்கோட்டை போர்டிங்கில் போட்டுப் பியானோ படிக்கவைத்தபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. மன்றத்தில் வாசிப்பது பற்றிப் பார்க்கலாம். திரை விஷயத்தில் மட்டும் அம்மா கண்டிப்பாக இருக்கட்டும்.

இங்கே அரிசி மில் வைத்திருக்கிற வேதக்கண் அண்ணாச்சி உன்னைத் தன் தம்பிக்குக் கேட்கிறார். மிகவும் கட்டுப்பாடான குடும்பம். அவர்கள் வீட்டுப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூட மூடின வண்டியில்தான் போவார்கள். மில்லில் என்னையும் கூட்டுச் சேர்த்துக்கொள்வதாக ஒரு பேச்சு இருக்கிறது. அது வேறு விஷயம். இதை அம்மாவிடம் சொல். உடம்பைக் கவனித்துக்கொள்.

இப்படிக்கு,
தவசிமுத்து


ராயபுரம்,
5 ஜூலை 1931

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு எல்லோரும் நலம், நீங்களும் அப்படியே இருக்க ஜெபிக்கிறோம். தைலம் வந்தது. அம்மா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, பர்மாக்காரன் கருவாட்டைக் காய்ச்சி எடுத்திருக்கிறான் என்றாள். ஆனாலும் தேய்த்துக்கொள்கிறாள்.

பார்க்கலாம் என்று எழுதியதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டு துரையிடம் சரி சொல்லிவிட்டேன். மூடின வண்டிக்காரர்களைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். "வண்டிக்குள்ள காத்து வருமா?" என்று மட்டும் கேட்டாள். அதைப் பிறகு பேசுவோம்.

உங்கள் துணியால் நாங்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள். இந்த வாசிப்பில் முதல் சுரமே மூவரும் ஒன்றாக விழ வேண்டும். மற்ற ஊரில் பியானோ வாசிக்கிறவள் தலையை ஆட்டுவாளாம், மற்றவர்கள் அவளைப் பார்த்து வில்லை வைப்பார்களாம். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை ஏது? முதல் நாள் மூன்று பேரும் மூன்று இடத்தில் விழுந்தோம். தாமோதரன் அந்தப் பக்கமிருந்து கத்தினார்: "இன்னாம்மா இது? நீ எப்போ கைய வெக்கிறேன்னு எனக்கு இன்னா தெரியும்? நட்டநடுவுல துணி தொங்கிகினு கீது!" ஜார்ஜ் துணியைக் கொஞ்சம் விலக்கலாமா என்று கேட்டார். "தொட்டுப் பாரும், கையை ஒடிச்சிருதேன்" என்று அம்மா புளிக்கையோடு எழுந்துவிட்டாள்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அந்த ஆத்திரத்தில் மூக்கால் பெரிதாக மூச்சிழுத்துக்கொண்டு மறுபடி கையை வைத்தேன். மூவரும் ஒன்றாக விழுந்தோம். அவர்களுக்கு அந்த மூச்சு கேட்டிருக்கிறது. அன்றிலிருந்து அதுதான் வழி. ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும் நான் மூச்சிழுப்பேன், அது எவ்வளவு நீளமோ அதுதான் காலப்பிரமாணம். சின்ன மூச்சு என்றால் வேகம், நீள மூச்சு என்றால் நிதானம். இப்போது அவர்கள் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாசிக்கிறார்கள். "கண்ணு எதுக்கும்மா, காது கீதே" என்கிறார் தாமோதரன். இதில் வேடிக்கை, அம்மாவும் எங்களோடு சேர்ந்து மூச்சிழுக்கப் பழகிவிட்டாள். தனக்கே தெரியாமல் செய்கிறாள்.

அன்புடன்,
கனி


ரங்கூன்,
28 ஜூலை 1931

செல்லக்கனிக்கு ஆசீர்வாதம்.

நான் சுகம். வேலை மிகுதியால் பதில் தாமதம். அம்மாவின் கால் எப்படி இருக்கிறது?

தாமோதரன் என்பவன் என்ன ஜாதி, எங்கே வேலை? ஜார்ஜ் ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரன் என்று கேள்விப்பட்டேன், உண்மையா? இருவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டதா? வேதக்கண் அண்ணாச்சி கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரிய வேண்டும்.

செக்ரட்டரி துரையின் முழுப் பெயரும் விலாசமும் எழுதி அனுப்பு. வீட்டுக்குத் தலைவன் என்ற முறையில் நான் அவருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதுவதுதான் மரியாதை.

இப்படிக்கு,
தவசிமுத்து


ராயபுரம்,
10 ஆகஸ்ட் 1931

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். அம்மா காசிமேடு வரை நடந்து போய் வஞ்சிரம் வாங்கி வருகிற அளவுக்குத் தேறிவிட்டாள். மழைக்கு உங்களுக்கு வருகிற இருமல் நின்றதா?

தாமோதரன் பெரம்பூர் ரயில் பட்டறையில் பிட்டர் வேலை பார்க்கிறார். பெண்சாதியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருக்கிறார்கள். ஜார்ஜ் சட்டைக்காரர்தான், ரயிலில் கார்டு. கல்யாணம் ஆகவில்லை, நாற்பத்தெட்டு வயதாகிறது, செல்லோவைத் தவிர யாரையும் கட்டிப்பிடித்து நான் கேள்விப்படவில்லை. வேதக்கண் அண்ணாச்சிக்கு இது போதுமா, இன்னும் வேண்டுமா?

நீங்கள் துரைக்கு நன்றி எழுதுகிறேன் என்றதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? விலாசத்தைத் தனித் துண்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உங்களைப் பற்றி மனதுக்குள் முணுமுணுத்ததை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கடல் காற்றில் பியானோ கட்டைகள் ஊறிப்போய் அமுக்கினால் எழுந்திருக்க மாட்டேன் என்கின்றன. கரி அடுப்பைப் பக்கத்தில் வைத்துக் காயவைக்கிறேன். நேற்று இரண்டாம் பாகத்தில் எனக்கும் தாமோதரனுக்கும் பெரிய சண்டை. நான் இழுக்கிறேனாம். "நீ தூங்கிகினு வாசிக்கிறே, நான் இன்னா தாலாட்டா பாடறேன்?" என்றார். பதிலுக்கு நான் இழுத்த மூச்சைக் கேட்டு ஜார்ஜ் பயந்துபோய் வில்லைக் கீழே போட்டுவிட்டார். பிறகு வாசித்தோம் பாருங்கள், அம்மா புளியை மறந்துவிட்டாள்.

விளம்பரத்தாள் அச்சாகிவிட்டது. பியானோ, மிஸ் செல்லக்கனி என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. குப்பம்மா அதைத் தன் வீட்டுக் கதவில் ஒட்டியிருக்கிறாள்.

அன்பு மறவாத,
கனி


ரங்கூன்,
12 செப்டம்பர் 1931

செல்லக்கனிக்கு ஆசீர்வாதம்.

நான் சுகம், அங்கும் சுகம் என்று நம்புகிறேன்.

மேடையில் ஏறுவதில்லை என்று ஆனபிறகு மனதை வீணாக அலட்டிக்கொள்ளாதே. எல்லாம் நன்மைக்கே. உனக்கு வீட்டிலேயே வாசிக்கப் பியானோ இருக்கிறது. வேதக்கண் அண்ணாச்சி தைமாதம் நாள் பார்க்கலாம் என்கிறார். மஞ்சள் நிறத்தில் ஒரு பட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தவசிமுத்து


ராயபுரம்,
16 செப்டம்பர் 1931

அண்ணனுக்கு,

அம்மாவும் நானும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

இன்று காலை மில்வர்ட் துரை ஆளனுப்பி என்னை மன்றத்துக்குக் கூப்பிட்டார். அம்மாவோடு போனேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை. கமிட்டி யோசித்துப் பார்த்ததாம், பியானோவை மிஸஸ் மில்வர்ட் வாசிப்பாராம், நான் செய்த உதவிக்கு நன்றியாம். உதவி! ராத்திரி பகல் என்று பார்க்காமல் உழைத்தேன், அதற்குப் பெயர் உதவி. ஏன் என்று கேட்டேன். "சில காரணங்கள்" என்றார். என்ன காரணம் என்று மறுபடி கேட்டேன். ஜன்னல் வழியாகக் கப்பலைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அந்த அம்மாள் தாமோதரனோடும் ஜார்ஜோடும் ஒரு நாள்கூட ஒத்திகை பார்க்கப்போவதில்லை. அவர்கள் தன்னைப் பார்த்து வாசித்தால் போதும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

தாமோதரனும் ஜார்ஜும், "நாங்களும் வாசிக்கவில்லை" என்று சாயங்காலம் வந்து நின்றார்கள். நான்தான் வாசிக்கச் சொன்னேன். டிக்கெட்டு விற்றாகிவிட்டது. குப்பம்மா முகத்தில் நான் எப்படி விழிப்பது? அவர்கள் போனபிறகு பியானோ மூடியை ஓங்கி அடைத்தேன். ஓரத்தில் மரம் பிளந்துவிட்டது. பிளக்கட்டும்.

நீங்கள் துரைக்கு நல்லபடியாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பேச்சுக்கு அவர் மதிப்புத் தரலாம். உடனே இன்னொரு கடிதம் போடுங்கள் அண்ணா. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

கனி


ராயபுரம்,
19 செப்டம்பர் 1931

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் இன்று கிடைத்தது. என் கடிதம் இன்னும் கடலில்தான் இருக்கும். நான் மேடை ஏறப்போவதில்லை என்று எனக்கே புதன்கிழமைதான் தெரியும். அதற்கு முன்பே உங்களுக்கு ரங்கூனில் யார் சொன்னது?

பதில் எழுதுங்கள். சுகமெல்லாம் பிறகு விசாரித்துக்கொள்ளலாம்.

செல்லக்கனி


ராயபுரம்,
12 அக்டோபர் 1931

அண்ணனுக்கு,

அம்மாவுக்குக் கால் வலி திரும்பிவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். மூன்று கப்பல் வந்து போய்விட்டது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. போகட்டும். சனிக்கிழமை நடந்ததை நீங்கள் வேறு யார் வாயிலாகவும் கேட்கக்கூடாது, என் வாயிலாகவே கேளுங்கள்.

எனக்கும் அம்மாவுக்கும் குப்பம்மாவுக்கும் இடம் எங்கே தெரியுமா? வெளி வராந்தாவில், துரைசானிகளின் ஆயாக்களோடு ஒரு பெஞ்சு. ஜன்னல் வழியாக மேடை தெரிந்தது. தாமோதரன் இரவல் கோட்டில் வியர்த்துக் கொட்டினார். மிஸஸ் மில்வர்ட் நீலக் கவுனில் வந்து உட்கார்ந்தாள். ஹால் அமைதியானது. அவள் தலையை அழகாக ஆட்டிவிட்டுக் கையை வைத்தாள்.

அவள் மட்டும்தான் வாசித்தாள்.

அவர்கள் இரண்டு பேரும் வில்லைத் தந்திமேல் வைத்தபடி, கண்ணை மூடிக்கொண்டு, காத்திருந்தார்கள். வேண்டுமென்று செய்யவில்லை அண்ணா. அவர்கள் முகத்தை நான் பார்த்தேன். மூச்சுச் சத்தத்துக்குக் காத்திருந்தார்கள். என் பக்கத்தில் அம்மா மூச்சை இழுத்து அப்படியே நிறுத்திவிட்டாள். "இன்னாமே, ஆரமிக்காம குந்திகினு கீறாங்க?" என்றாள் குப்பம்மா.

இரண்டாம் தடவை ஜார்ஜ் கண்ணைத் திறந்து பார்த்தார், ஆனாலும் பிந்தி விழுந்தார். தாமோதரன் விழவே இல்லை. முன்வரிசையில் சிரித்தார்கள். மிஸஸ் மில்வர்ட் ஹாலைப் பார்த்துத் திரும்பி, இவர்களுக்குத் தாளம் என்றால் என்னவென்றே தெரியவில்லை என்று இங்கிலீஷில் சொன்னாள். ஜார்ஜ் எழுந்து துரையின் காதில் ஏதோ சொன்னார்.

துரை நேரே வராந்தாவுக்கு என்னிடம் வந்தார். இப்போது என்னை மிஸ் என்று கூப்பிட்டார். மேடைக்குப் பின்னால் குரோட்டன்ஸ் தொட்டிகள் வரிசையாக வைத்திருக்கிறார்களாம். அதற்குப் பின்னால் ஒரு நாற்காலி போடுகிறாராம். நான் அங்கே மறைவாக உட்கார்ந்து, அந்த மூச்சை மட்டும் இழுத்துக் கொடுத்தால் போதுமாம். வாசிப்பதை மிஸஸ் மில்வர்ட் பார்த்துக்கொள்வாளாம். பிறகு இதையும் சொன்னார்: "உன் அண்ணனுக்கும் இதில் ஆட்சேபம் இருக்காது. உன்னை மேடையில் உட்காரவைக்க வேண்டாம் என்றுதானே எழுதியிருந்தார்? தொட்டிக்குப் பின்னால் யாருக்குத் தெரியப்போகிறது?"

அண்ணா, அந்த விலாசத்தை நான் என் கையால் எழுதி உங்களுக்கு அனுப்பினேன். சந்தோஷப்பட்டு அனுப்பினேன்.

"என் மூச்சு வேண்டுமென்றால் என் கையையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும், தனியாகக் கொடுப்பதில்லை" என்றேன். என் குரல் ஹால் முழுக்கக் கேட்டிருக்க வேண்டும், எல்லாத் தலையும் ஜன்னல் பக்கம் திரும்பியது. கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்து, "என்னளா சொல்லுதான்?" என்றாள். துரை சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னேன். "தவசியா எழுதுனான்?" என்றாள். பெஞ்சை விட்டு எழுந்துவிட்டாள்.

மேடையில் தாமோதரன் எழுந்துவிட்டார். "நாங்க கேட்டு வாசிக்கிறவங்க. எங்க பியானாக்காரம்மா வெளியே பெஞ்சுல குந்திகினு கீது. உள்ள கூப்டு, வாசிக்கிறோம். இல்லேன்னா எங்களுக்கு இங்க இன்னா வேலை?" என்று நல்ல சத்தமாகச் சொன்னார். பின்வரிசையில் நம் ஆட்கள், துறைமுகத்துக் குமாஸ்தாக்கள் இருந்தார்கள். அவர்களில் யாரோ கை தட்டினார்கள். துரை கையைக் காட்டி உட்காரச் சொன்னார். ஜார்ஜ் செல்லோவைத் தூக்கிக்கொண்டார். இருவரும் நடுவழியில், எல்லா நாற்காலிகளையும் கடந்து, முன்வாசல் வழியாக வெளியே வந்தார்கள்.

அங்கிருந்து வீடு வரை அம்மா அந்த முழங்காலோடு யாருக்கும் நிற்காமல் நடந்தாள். நானும் குப்பம்மாவும் பின்னால் ஓடினோம். அதற்குப் பின்னால் வயலினும் செல்லோவும். வீட்டுக்குள் போனதும் அம்மா வெட்டுக்கத்தியை எடுத்துக் கயிற்றை ஒரே போடு. உங்கள் பச்சைத் துணி ஜார்ஜ் தலைமேல் விழுந்தது.

முக்காலியில் உட்கார்ந்து, "வாசிங்க" என்றாள்.

வெட்கக்கேடு, எங்களால் முடியவில்லை. தாமோதரன் தரையைப் பார்த்தார். வாசிக்கும்போது அவர் நாக்கைக் கடித்துக்கொள்வார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. முகத்தைப் பார்த்ததும் மூவரும் மறுபடி மூன்று இடத்தில் விழுந்தோம். கண்ணை மூடுங்கள் என்றேன். மூச்சிழுத்தேன். கடைசி வரை வாசித்தோம். முடிக்கும்போது தெருவில் கூட்டம், மீன்கூடையோடு நின்றவர்கள்கூட இருந்தார்கள். குப்பம்மா அழுதுகொண்டே என்னைத் திட்டினாள், ஏன் திட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. டிக்கெட்டுப் பணம் அவளுக்கு வரத்தான் போகிறது, அதில் குறை இல்லை.

எனக்குக் கோபம் ஆறவில்லை. வாசித்தால் ஆறும் என்று நினைத்தேன், ஆறவில்லை. முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்திருப்பேன். நீங்கள் எனக்குப் பார்க்கலாம் என்று எழுதினீர்கள், அவருக்கு வேண்டாம் என்று எழுதினீர்கள். எழுதினீர்களா, இல்லையா? ஒரு வரி போதும்.

செல்லக்கனி


ரங்கூன்,
4 நவம்பர் 1931

செல்லக்கனிக்கு ஆசீர்வாதம்.

இறைவன் அருளால் நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவுக்கு இன்னொரு குப்பி தைலம் அனுப்புகிறேன். அங்கு பருவமழை எப்படி? கூரை ஒழுகுகிற இடத்தில் ஓடு மாற்றவும்.

நீ கேட்டதை எல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். குடும்பத்து ஆண்பிள்ளை நாலையும் யோசித்துத்தான் செய்வான். மெட்ராஸிலிருந்து வந்த யாரோ வேதக்கண் அண்ணாச்சியிடம் கதை சொல்லியிருக்கிறார்கள். அவர் இப்போது எனக்கு முகம் கொடுப்பதில்லை. கூட்டுப் பேச்சும் நின்றுவிட்டது. இதனால் எனக்கு எவ்வளவு நஷ்டம் என்று நீ நினைத்துப் பார்த்தாயா?

அந்தப் பச்சைத் துணி இனி அங்கே உபயோகப்படாது என்று தெரிகிறது. நல்ல ரெட்டு. கிட்டங்கியில் மூட்டை மூட ஆகும். மடித்து அடுத்த கப்பலில் அனுப்பவும்.

இப்படிக்கு,
தவசிமுத்து


ராயபுரம்,
22 நவம்பர் 1931

ஏலே தவசி,

உன் அம்மை சீனியம்மாள் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி எழுதுதா. ஒரு வார்த்தையை மாத்தக் கூடாதுன்னு பைபிள்ல கை வச்சுச் சத்தியம் வாங்கியிருக்கேன். நான் நல்லாத்தான் இருக்கேன். நீ வேளைக்குச் சாப்பிடுதியா? இருமல் நின்னுட்டா? கேக்க வேண்டியதைக் கேட்டுட்டேன், இப்போ சொல்ல வேண்டியதைச் சொல்லுதேன்.

திரையைக் கட்டுனவ நான்தான். நீ சொன்னேன்னு கட்டுனேன். பொட்டப்புள்ளைக்குக் காவல்னு நெனச்சேன். காவலுக்கு முக்காலி போட்டு நாலு மாசம் உக்காந்திருந்தேன், காலு போச்சு. நீ அந்தத் திரையைக் காட்டி அங்க அரிசி மில்லு பேசியிருக்க. எனக்கும் இவளுக்கும் தெரியாம, இவ குடுத்த விலாசத்துக்கே எழுதியிருக்க. வெளிப்படையா வேண்டாம்னு சொல்லிருந்தா நானே இவ காலை ஒடிச்சு வீட்டுல போட்டிருப்பேன், அது வேற. ஒளிச்சுச் செஞ்சிட்டியே. உன் நஷ்டத்தை நீ வச்சுக்க. நேர்ல பேசணும்னா நேர்ல வா. வந்து இவகிட்ட முதல்ல சொல்லு, நான்தான் எழுதுனேன்னு. அந்த ஒரு வார்த்தை உன் வாயில வாரதுக்கு முன்னால என் கையால உனக்குச் சோறு இல்லை.

உன் தைலம் நாறுது. இனிமே அனுப்பாத.

துணி கேட்டியே, அது இல்லை. வெட்டிட்டேன். மிச்சத்தை இவ எழுதுவா. நேரத்துக்குத் தூங்கு. ஜெபம் பண்ணு.

உன் அம்மை

அண்ணா, அம்மா சொன்னதில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. இனி நான் எழுதுகிறேன்.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை, பெரம்பூரில் ஜார்ஜுக்குத் தெரிந்தவர்கள் ஒரு கூடம் கொடுத்திருக்கிறார்கள். பியானோவை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறோம். பிளந்த மூடியை ஆணி அடித்துச் சேர்த்தாகிவிட்டது. மழைக்காலமானதால் செல்லோவுக்கு உறை தேவைப்பட்டது. அம்மா உங்கள் பச்சைத் துணியை அளவெடுத்து வெட்டித் தைத்துவிட்டாள். கெட்டித் துணி, ஒரு சொட்டு இறங்குவதில்லை. ஜார்ஜ் அதைத் தெருவில் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியும்.

இப்போது கண்ணைத் திறந்துகொண்டே வாசிக்கப் பழகிவிட்டோம். ஆனால் மூச்சை விடவில்லை. அம்மாவும் விடவில்லை. ஒத்திகையில் எனக்கு முன்னால் இழுத்துவிடுகிறாள், சொன்னால் கேட்பதில்லை.

பெரம்பூரில் முன்வரிசையில் அவளுக்கு ஒரு பக்கம் குப்பம்மா உட்காருவாள். இன்னொரு பக்கத்து நாற்காலியில் யாரையும் உட்காரவிட மாட்டாளாம். உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம்தான், அந்த நாற்காலியை வைத்து என் மனம் இளகிவிட்டது என்று எண்ண வேண்டாம். அங்கே திரை இல்லை, தொட்டிச் செடியும் இல்லை. பார்க்கலாம் என்று ஜூன் மாதம் எழுதினீர்களே, அங்கிருந்து நன்றாகப் பார்க்கலாம்.

செல்லக்கனி